நீ சொன்னதாக நான் சொன்னது

என்னை ஒருநாளும் ‘ஏய்’ என்று கூப்பிடாத என் மல்லிகா அக்காவுக்கு,

அம்சா எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்றவளுக்கு இவ்வளவு எழுத வருமா என்று சிரிக்காதே. நீ விடுதியில் இருந்தபோது உனக்கு வந்த கடிதமெல்லாம் என் கையெழுத்துதானே. அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். இது அம்மா சொல்லாதது. அவளுக்குத் தெரியாமல் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உட்கார்ந்து என்று எழுதிவிட்டேனே தவிர, கொஞ்ச நாளாக எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, வைத்தோமா என்று மறுபடி போய்ப் பார்க்கிறேன். பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன். அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்தது. அம்மா திட்டப்போகிறாள் என்று ஓடினேன். திட்டவில்லை. “வுடு, வேற போட்டுக்கலாம்” என்றாள். அம்மா சந்தோஷமாக இருக்கிறாள் அக்கா. எனக்குப் பயமாக இருப்பது அதனால்தான்.

உங்கள் மன்றத்து ஆட்கள் நம் ஊருக்கு வந்து போனார்கள். அதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன்.

‘கலை வரலாற்று மன்றம்’ என்று நீ முதல்முதலில் சொன்னபோது நைனா கேட்டது நினைவிருக்கிறதா?

“எந்த நடிகன் மன்றம்டி? கட் அவுட்டுக்குப் பால் ஊத்துவீங்களா?”

“இல்ல நைனா. கோயில் கோயிலாப் போயி சிலைங்களப் பாப்போம். படம் எடுப்போம். யாரு செஞ்சது, எப்ப செஞ்சதுன்னு பேசுவோம்.”

“செல பாக்கறதுக்குக் காலேஜா? உங்கம்மா சும்மாவே பாக்கறா.”

ஆனாலும் நீங்கள் நம் பெருநகர் ஊர்க் கோயிலுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தது நைனாதான். அன்றைக்குத்தான் நீங்கள் அளவுக்கு வைக்கும் சிவப்பு வெள்ளைக் கோலை யாரோ பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். சிலைக்குப் பக்கத்தில் உயரம் தெரிந்த ஏதாவது ஒன்று நின்றால்தான் படத்தில் சிலை எவ்வளவு பெரிது என்று புரியும் என்றாய். நீ வீட்டுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாய்.

நான் மாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டேன். உனக்குத் தெரியும், வாத்தியார் எழுப்பிப் படிக்கச் சொன்னால் எல்லாரும் பார்க்கிறார்களே என்று வாய் ஒட்டிக்கொண்டு, அதனாலேயே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நீ என் காதில் சொன்னாய். “உன்ன யாருடி பாக்கப் போறாங்க? சிலையத்தான் பாப்பாங்க. நீ சும்மா நில்லு, போதும்.”

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வந்தேன். அடுத்த மாதம் புதுக்கோல் வாங்கிவிட்டார்கள். ஆனாலும் நீ என்னைத்தான் நிறுத்தினாய். உங்கள் ஆட்கள் என் பெயரையே மறந்துவிட்டு ‘ஸ்கேல்’ என்று கூப்பிட்டார்கள். புளிச்சோறு சாப்பிட்ட பிறகு எல்லாரும் மண்டபத்தில் வட்டமாக உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்ததில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் முறை வரும்போது நீ சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைப் பார்ப்பாய். கூரத்திலும் அப்படித்தான், ஐயங்கார்குளத்திலும் அப்படித்தான். நான் தப்பித்தேன் என்று இருந்துவிடுவேன்.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அதை எழுத வேண்டாம்.

நீ போன பிறகு வீட்டில் மாட்டுவதற்கு உன் படம் இல்லை. பரீட்சைக்கு ஒட்டிய சின்னப் படத்தை உத்திரமேரூர் பஜாரில் ஸ்டூடியோ பாய் பெரிதாக்கிக் கொடுத்தார். அதில் நீ கண்ணை அகல விழித்துக்கொண்டு யாரோ மாதிரி இருக்கிறாய். அம்மா மாலை போடுவாள். போட்டுவிட்டு, “இது எம் பொண்ணு இல்ல. எவளோ பரீட்சைக்குப் போறவ” என்பாள். தினமும் சொல்வாள்.

உங்கள் மன்றத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாது. “ஊர் ஊரா இட்டுக்கினு போயி கண்ட தண்ணியக் குடிக்க வச்சி எம் பொண்ண எமனுக்கு வாரிக் குடுத்துட்டானுங்க” என்று தெருவில் நின்று சொல்வாள். அதனால், மாசி மாதம் ஸ்டீபன் அண்ணன் நம் வாசலில் வந்து நின்றபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. நீ செய்த செயலாளர் வேலையை இப்போது அவர்தான் பார்க்கிறார். நீ எடுத்த ஸ்லைடுகளை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் திரையில் போட்டுக் காட்ட மன்றத்தில் முடிவு செய்திருக்கிறார்களாம்.

அம்மா அவரை உள்ளே கூப்பிடவில்லை. நிற்கவைத்தே கேட்டாள். “படம்னா, அதுல எம் பொண்ணு கீறாளா?”

அவர் திணறிவிட்டார். “எல்லாமே மல்லிகா எடுத்த படம்தாம்மா.”

அம்மாவுக்கு ‘எல்லாமே மல்லிகா’ என்பதுதான் காதில் விழுந்தது. “அப்பப் போடு. நான் பாக்கணும்” என்றாள்.

அவரை பஸ் ஏற்றிவிட நைனா என்னை அனுப்பினார். நிறுத்தத்தில் அவர் மெதுவாகச் சொன்னார். “கேமரா டிபார்ட்மென்ட்டோடது. உங்க அக்கா வேற யாரையும் தொடவிட மாட்டாங்க. எல்லாப் பெட்டியும் பாத்துட்டேன். ஒரு படத்துலகூட அவங்க இல்ல. அம்மாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க.”

நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே.

சொல்ல முடியவில்லை அக்கா. அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். பெட்டியிலிருந்து பச்சைப் புடவையை எடுத்து வெயிலில் காயப்போட்டாள். நான் வாயைத் திறந்தால் “இன்னாடி?” என்பாள். அந்த முகத்தைப் பார்த்ததும் “ஒண்ணுமில்ல” என்பேன். இப்படியே அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது.

பள்ளிக்கூட ஜன்னல்களில் சாக்கைக் கட்டி இருட்டாக்கினார்கள். திரை நைனாவின் புது வேட்டி. பாதி ஊர் வந்திருந்தது. அம்மா முன்வரிசையில் பச்சைப் புடவையோடு, என் கையைப் பிடித்துக்கொண்டு. சடக் என்று சத்தம், வேட்டியில் வெளிச்சம். பெருநகர்க் கோயில் தூண். பக்கத்தில் நான்.

“ஐய, நம்ம சின்னது!” என்றாள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அத்தை. கூட்டம் கைதட்டியது. சடக். கூரம் கோயில் சுவர், நான். சடக். துவாரபாலகர், நான்.

“இன்னாடி அம்சா, கோயில மறச்சிக்கினு நிக்கிற! கொஞ்சம் நவுந்து நில்லு, சாமி தெரியல!”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. சிலையைத்தான் பார்ப்பார்கள் என்றாயே, ஊரே என்னைத்தானே பார்த்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் காதருகே குனிந்து, “அக்கா எப்ப வருவா?” என்றாள்.

“அடுத்ததும்மா” என்றேன்.

சடக். “இதுல இல்லியே?”

“அடுத்தது.”

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. ஒவ்வொரு சடக்குக்கும் அவள் விரல் என் கையில் இறுகியது. கடைசியில் பெட்டி தீர்ந்துபோய் வேட்டியில் வெறும் வெளிச்சம் மட்டும் நின்றது. அம்மா சத்தமாகவே கேட்டாள். “இன்னும் வர்லியே எம் பொண்ணு?”

“வரமாட்டாம்மா” என்றேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. “அக்கா எதுலயும் இல்ல. படம் எடுத்ததே அக்காதான். அவ இந்தப் பக்கம் நின்னுக்கினு இருந்தா.”

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. அம்மா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். ஸ்டீபன் அண்ணனைக் கையை நீட்டி அடித்தாலும் ஆச்சரியம் இல்லை. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேட்டியைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். “தம்பி, மறுபடி போடு. மொதல்லேர்ந்து.”

மறுபடி பெருநகர்த் தூண். அம்மா என்னைப் பார்த்துத் திரும்பினாள். “இத எடுக்கும்போது அவ உன்ன இன்னா சொன்னா?”

“‘முட்டிய மடக்காதடி. உயரம் கொறஞ்சா கணக்கு தப்பாயிடும்’னா.”

சடக். “இதுல?”

“‘பசிக்குதா? இன்னும் ஒண்ணே ஒண்ணு’னா. அப்படிச் சொல்லிச் சொல்லி நெறைய எடுத்தா.”

“இதுல ஏன்டி இப்படிச் சிரிக்கிற?”

“பின்னாலயே நவுந்து நவுந்து போயி ஆட்டுப் புழுக்கைல கால வச்சிட்டா.”

அம்மா சிரித்தாள். இருட்டில் அந்தச் சத்தம் கேட்டு நைனா வாசற்பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். கன்னியம்மா அத்தை மூக்கைச் சிந்தினாள். நான் சொல்லிக்கொண்டே போனேன். இத்தனை பேர் நடுவில் நான்தான் பேசுகிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

பிறகு ஐயங்கார்குளத்துக் கிணறு வந்தது. போன சித்திரையில் திருவிழாவுக்காகத் தண்ணீரை இறைத்திருந்தபோது நாம் உள்ளே இறங்கினோமே, தரைக்குக் கீழே அந்த மண்டபம். ஈரத் தூண் பக்கத்தில் நான் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“இதுல இன்னா சொன்னா?”

எனக்கு ஞாபகம் வரவில்லை. தேடினேன். ஒன்றுமே இல்லை. நீ வியர்வையைத் துடைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது, தூணில் நீர்மட்டம் நின்ற கோடு ஞாபகம் இருக்கிறது. நீ சொன்னது இல்லை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும்.

“‘அடுத்த வாட்டி அம்மாவையும் கூட்டிக்கினு வரணும்டி. அம்மா இதப் பாக்கணும்’னா” என்றேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “சொன்னாளா?”

“சொன்னா.”

இதுதான் நடந்தது அக்கா. நீ அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் மாட்டாய். “அம்மாவ இட்டுக்கினு வந்தா ஒவ்வொரு சிலைக்கும் எண்ணெய ஊத்திக் கற்பூரம் கொளுத்தி கறுப்பாக்கிடும்” என்று நீ சிரித்தது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மற்றதெல்லாம் நீ நிஜமாகச் சொன்னவை. அவற்றையெல்லாம் அம்மா விட்டுவிட்டாள். நான் சொன்ன அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். பால் வாங்க வருகிறவர்களிடம் சொல்கிறாள். களை எடுக்கும்போது சொல்கிறாள். “எம் மூத்தது என்னக் கூப்ட்டு வச்சிட்டுப் போயிருக்கா.” ஸ்டீபன் அண்ணனுக்கு பூத்திலிருந்து போன் செய்யச் சொல்லி, சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போது மன்றத்தோடு தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். உங்கள் ஆட்கள்தான் உன்னைக் கொன்றார்கள் என்றவள், “பசங்க எல்லாருக்கும் தண்ணி நான் காச்சி எடுத்தாறேன். வழில யாரும் எதையும் குடிக்கக்கூடாது” என்று பெரிய குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

பொய்தான், ஆனால் நல்லதுதானே நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். முடியவில்லை. ஏன் என்று மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போதெல்லாம் யோசித்தேன். அது முழுப் பொய்யும் இல்லை அக்கா. அன்றைக்கு அந்தக் கிணற்றுக்குள், குளிர்ச்சியில், மேலே சதுரமாக வானம் தெரிந்தபோது, அம்மா இதைப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தி நினைத்தாள். அது நான். வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அம்மா “எம் மூத்ததுக்கு இன்னா பாசம் பாரு” என்று சொல்லும்போது பால்செம்போடு பக்கத்தில் நிற்கிறேன். நீ இல்லாத இடத்தில் நின்றுகொண்டு உன்மேல் பொறாமைப்படுகிறேனா? இது தப்பா? என் ஆசை என்று சொல்லியிருந்தால் அவள் குடத்தைத் தேய்த்திருப்பாளா? “சும்மா இருடி, வேல கெடக்குது” என்றிருப்பாளா? உன்னைக் கேட்டால் நீ என்ன சொல்வாய்? நான் இனிமேல் உனக்காக எதையும் சொல்லக்கூடாது. அதனால் அந்த இடத்தைக் காலியாகவே விடுகிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சித்திரையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது கோழைத்தனம். கிணற்றின் மேல்படியில், அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கப்போகும்போதே சொல்லிவிடுவேன். “அம்மா, அக்கா கூப்பிடல. கூப்பிட்டது நான்.” நான் கூப்பிட்டாலும் அவள் இறங்குவாளா என்று எனக்குத் தெரிய வேண்டும் அக்கா. அவள் திரும்பி நடந்தால் நானும் கூடவே நடப்பேன், கோபம் ஆறும்வரை. இறங்கினால், கையைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் இறங்குவேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
அம்சா