குகன் கொட்டிய ஈஸ்ட்

4.2.2006, சனி

வெளியே குளிர் மைனஸ் பதினான்கு. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. நல்லது, வீட்டிலேயே வேலை. பியர் முழுவதும் போத்தலில் அடைத்தாயிற்று. வாளியின் அடியில் ஈஸ்ட், கஞ்சி மாதிரி; அடுத்த முறைக்கு உதவும். கொதித்து ஆறிய தண்ணீர் விட்டுச் சுழற்றிப் பொறுத்தால் கசடு கீழே போகும். மேலே நிற்கும் பால் நிறத்தை மட்டும் அவித்த போத்தலில் ஊற்றுவது. மூடி இறுக்கக் கூடாது. உயிருள்ள சாமான், வாயு விடும். கோடையில் வாங்கிய ஒரே ஈஸ்ட் பாக்கெட், இன்னும் ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஈஸ்ட்டை மதுவம் என்று படித்தது.

வீடு முழுக்கப் பேக்கரிப் பாண் மணமாம், மனைவி ரஞ்சி சொல்கிறாள். பிள்ளைகளின் ஜக்கெட்டிலும்.

இரண்டு போத்தல் தேறியது. ஒன்று ஹவுகெட்டோவில் இருக்கும் தங்கச்சி புருஷன் குகனுக்கு. அவனும் காய்ச்சுகிறான்.

5.2, ஞாயிறு

பனி கொட்டல். குகன் வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன், போத்தல் மடியில்.

தங்கச்சி வதனியின் உதடு வெடித்திருந்தது. பனியில் சறுக்கினாளாம். குகன் போனமுறை காய்ச்சியது புளித்துவிட்டது. வாளியை அவள் கழுவிய லட்சணம் என்றான், அவளை வைத்துக்கொண்டே. என் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தான். மூக்கைச் சுளித்தான். சிங்கில் கொட்டினான். அருமையான ஈஸ்ட். குழாயைத் திறக்க அவன் கை நீட்டியதும் வதனி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கண்டேன். தேத்தண்ணி குடித்தேன். வந்துவிட்டேன்.

8.2, புதன்

வேலையிடத்தில் போன். தங்கச்சி. "அண்ணா, வாங்கோ. கை தொங்குது."

குகன் புதிதாக வைத்த பியரும் புளிப்பு. அவள் இடையில் மூடியைத் திறந்து பார்த்ததால்தானாம். கிளறுகிற மரத் துடுப்பால் அடித்திருக்கிறான். முன்கை எலும்பு இரண்டாக. ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டாள். படியில் விழுந்தேன் என்றாள் வதனி. நோர்வேஜிய மொழியில், ஒரு பிழை இல்லாமல். பழகிய வசனம்.

எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மகளின் கட்டிலில் படுக்கிறாள்.

9.2, வியாழன்

பின்னேரம் குகன். சப்பாத்துக் காலோடு உள்ளே. மனுசியைக் கூட்டிப்போக வந்தானாம். வதனி வரமாட்டாள் என்றேன்.

"உங்கடை பழுதாப்போன ஈஸ்ட்டாலைதான் இவ்வளவும், மச்சான்."

அவனே சிங்கில் கொட்டிய ஈஸ்ட். முகத்தில் குத்தினேன். அலுமாரித் தட்டிலிருந்த பியர்ப் போத்தலை எடுத்து என் நெற்றியில் உடைத்தான். தரையெல்லாம் நுரை, ரத்தம், கண்ணாடி. அவன் வழுக்கி விழுந்தான். விழுந்த பிறகும் உதைத்தேன். விலாவில். பிறகு வாயில். பல் ஒன்று கம்பளத்தில் கிடந்தது. ரஞ்சி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள், கிழிந்தது. நிறுத்த முடியவில்லை என்று எழுதலாம். பொய். நிறுத்த மனம் வரவில்லை. இனித்தது.

பொலிசுக்குப் போன் அடித்தது வதனி. ஒற்றைக் கையால். இருவரையும் கொண்டுபோனார்கள்.

10.2, வெள்ளி

விட்டார்கள். வழக்கு வரும். நெற்றியில் தையல், சுண்டுவிரல் முறிவு. குகன் ஆஸ்பத்திரியில்.

வந்தபோது வதனி பையோடு வாசலில். வெளியே காரில் பெண்கள் காப்பகத்து ஆள் ஒருத்தி. இங்கேயே இருக்கலாமே, நான் இருக்கிறேன், அவன் கிட்ட வரமாட்டான், இப்படி ஏதேதோ சொன்னேன்.

"எனக்கு அடிக்கேக்கை அவருக்கும் இதே முகம்தான் அண்ணா."

பையைத் தூக்க விடவில்லை.

12.2, ஞாயிறு

பனி உருகுகிறது. கூரைத் தண்ணீர்ச் சத்தம். ஈஸ்ட்டின் மற்றப் போத்தல் குளிர்பெட்டியில். அடியில் வெள்ளையாகப் படிந்து, மேலே தெளிந்து. மணந்து பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. பார்லி மால்ட் காய்ச்சி, ஆறவிட்டு, ஈஸ்ட்டை ஊற்றினேன். முறிந்த விரலால் முடியாது, ரஞ்சி வாளியைப் பிடித்தாள்.

மகள்: குகன் மாமா செத்துப்போவாரோ? இல்லை என்றேன்.

"நீங்கள் சாக்கொல்லத்தான் அடிச்சனீங்களோ அப்பா?"

இரவு நான் சாப்பிடவில்லை.

14.2, செவ்வாய்

வாளி குமுறல். மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை. துடைத்துக்கொண்டிருக்கப் போன், இலக்கம் இல்லாமல். வதனி. எங்கே என்று கேட்கவில்லை. பொலிசுக்கு எல்லாம் சொல்லிவிட்டாளாம். படி இல்லை, துடுப்பு என்று. கலியாணம் முடித்த முதல் மாதத்திலிருந்தே அடியாம். நல்லது என்றேன்.

"உங்களைப் பற்றியும் சொன்னனான். அவர் விழுந்தாப் பிறகும் உதைச்சனீங்கள் எண்டு."

ஓம், அதுதானே நடந்தது என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும்.