இந்த வாயோடு

செப்டம்பர் 16
எங்கள் சுரங்க ஊர் லோத்தா முழுக்கக் கொடி கட்டியாகிவிட்டது. தேசியத் திருவிழாவுக்கு இன்னும் இரண்டே நாள். பேக்கரியில் இறைச்சி வைத்துச் சுடும் எம்பனாதாவுக்கு மாவு பிசைந்து பிசைந்து தோள் கழன்றுவிட்டது. விழாவுக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போகலாம் என்கிறாள் என் மனைவி ஒத்தீலியா. மச்சான் சிச்சா மது ஊற்றுவான், ஆனால் நான் தொடமாட்டேன் என்று அவளுக்கு நம்பிக்கை. பதினோரு வருடமாகத் தொடாதவனுக்கு என்ன பயம்?

செப்டம்பர் 19
தொட்டேன்.

செப்டம்பர் 22
இன்னும் ஜெபிக்கவில்லை. நாற்றம் பிடித்த வாயோடு கர்த்தரை எப்படிக் கூப்பிடுவது? வாசனை முதலில் போகட்டும்.

புது திராட்சை ரசம், புளிக்கவே இல்லை என்று மச்சான் நீட்டினான். பொய். மாவு எவ்வளவு புளித்திருக்கிறது என்று மூக்காலேயே சொல்கிறவன் நான், இது தெரியாதா? தெரிந்துதான் குடித்தேன். முதல் கோப்பையை அவன் ஊற்றினான். ஜாடியில் மிச்சமிருந்ததை நானேதான் ஊற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் 25
பாஸ்டர் அனீபாலிடம் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் சபையின் ஒழுங்கு நடவடிக்கை. கடைசி பெஞ்சில்தான் உட்கார வேண்டும். தெருப் பிரசங்கத்தில் பேசவோ மாண்டலின் வாசிக்கவோ கூடாது. ராப்போஜனத்தில் அப்பமும் ரசமும் கிடையாது. ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம். தோளைத் தட்டிக்கொடுத்தார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 5
இன்று ராப்போஜனம். அப்பத்தை வழக்கம்போல நான்தான் சுட்டேன், எங்கள் சபையில் வேறு அடுப்புக்காரன் இல்லை. பக்கவாசலில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். தட்டு வரிசை வரிசையாக வந்தது. எனக்கு முந்திய பெஞ்சோடு திரும்பிப் போயிற்று.

ஐயோ, இப்போதே செத்தால் எங்கே போவேன்? பதினோரு வருட விசுவாசம் ஒரு ஜாடியோடு போயிற்றா? மனந்திரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள் என்று பாஸ்டர் கூப்பிட்டதும் ஓடினேன். போன ஞாயிறும் ஓடினேன், நடுவில் வாரக் கூட்டத்திலும் ஓடினேன். என் அழுகை கர்த்தருக்கே அலுத்திருக்கும்.

அக்டோபர் 17
நிபால்தோ ஆஸ்பத்திரியில். சுரங்கத் தூசி அவன் நெஞ்சைத் தின்றுவிட்டது. வாலிபத்தில் இரண்டு பேரும் ஒரே பாட்டிலில் குடித்தவர்கள். நான் விட்டேன், அவன் விடவில்லை. பாஸ்டரைக் கூட்டி வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

"அவர் நல்ல மனுசன்டா, அவர்கிட்ட கேக்க வாய் வரல. நீ சொல்லு. என்னை மாதிரிக் குடிகாரப் பயலை உங்க இயேசு சேத்துக்குவாரா? திருந்திக் காட்ட எனக்கு இனிமே நாளுமில்ல."

"சேத்துக்குவார்டா."

"எதை வச்சு?"

"நீ எதையும் கொண்டுவர வேணாம். உனக்காக அவர் செத்தாச்சு. நீ சரின்னா போதும்."

மூச்சு வாங்க, சரி என்றான். பிரசங்கம் பண்ணத் தடையிருக்கிற நானா இப்படிப் பேசினேன்? அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். அவன் முகம் தெளிந்தது.

அக்டோபர் 18
மாவு பிசையும்போதெல்லாம் இதே நினைப்பு. ஒரே ஒரு நாளாவது சுத்தமாக இருந்து காட்டு என்று அவனிடம் நான் கேட்கவில்லையே. என்னிடம் மட்டும் ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்? அவனுக்கு இலவசம், எனக்கு மட்டும் விலையா? அவனிடம் சொன்னது பொய்யா? பொய்யில்லை. அப்படியானால்?

அக்டோபர் 20
நிபால்தோ போய்விட்டான். தூக்கத்தில் போனானாம்.

அக்டோபர் 22
அடக்கம் முடிந்ததும் பழைய சுரங்கக்காரர்கள் அவன் பேரைச் சொல்லி ஒயின் ஊற்றினார்கள். குடித்தேன். வெட்கங்கெட்ட ஜென்மம் நான். அழுதுகொண்டே வீடு வந்தேன். சட்டையைக்கூட மாற்றவில்லை, கட்டிலோரம் மண்டியிட்டேன். ஒத்தீலியா வாசற்படியில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"இந்த வாயோடயா ஜெபம் பண்றீங்க?"

"வேற வாய் இல்லையே, ஒத்தீலியா."

அவள் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் மண்டியிட்டாள்.

காலையில் பாஸ்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் ஆறு மாதமாகும். ஆகட்டும். கடைசி பெஞ்சும் சபைக்குள்ளேதானே கிடக்கிறது.