அம்மா ஊதியபோது சுற்றாத ஃபேன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்றுதான் தொடங்கப் போனேன். முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். இந்த முகவரியை உன் நண்பரிடம் கெஞ்சித்தான் வாங்கினேன்.

அம்மாவின் அறைச் சுவரில் மறுபடியும் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. காற்றின் ஈரத்தை அளக்கும் சென்சார் டப்பாவை மாட்டி, ஈரம் ஏறியதும் தானாகவே ஓடும்படி நீ அமைத்த எக்ஸாஸ்ட் ஃபேன், மழை தொடங்கியபின் நிற்கவே இல்லை. காரணத்தை நூலகப் புத்தகத்தில் கண்டுபிடித்தேன். வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியே ஈரம் அதிகமென்றால், ஃபேன் ஓட ஓட அந்த ஈரக் காற்றுதான் சந்துபொந்து வழியாக உள்ளே வருமாம். அம்மாவுக்கு இழுப்பு கூடிவிட்டது.

அப்பா அதைக் கழற்ற ஸ்டூலில் ஏறினார். நீ வீட்டை விட்டுப் போன அன்று சொன்னதையே மறுபடி சொன்னார்: "ஃபேனுக்கு வெச்ச மூளையில பாதியப் பரீட்சைக்கு வெச்சிருக்கலாம்." அந்த நேரம் பார்த்து, கொட்டுகிற மழையில், ஃபேன் தானாக நின்றது. மழை விட்டதும் ஓடியது. அந்த அமைப்பை உன் கைப்பேசியிலிருந்துதானே மாற்ற முடியும்?

அப்பாவுக்கும் புரிந்துவிட்டது. "அங்கேருந்து ஃபேனை நிறுத்தத் தெரியுது, போனை எடுக்கத் தெரியலையா துரைக்கு?" என்று திட்டிக்கொண்டே இறங்கினார். கழற்றவில்லை. பிறகு என்னிடம் மெதுவாக, "அவன் சாப்பிட்டானான்னு அந்த டப்பாகிட்ட கேக்க முடியுமா பாப்பா?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

டாக்டர் அம்மாவை அடுத்த வாரம் மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். "அவனுக்கு எழுதிப் பயமுறுத்தாத" என்பது அம்மாவின் உத்தரவு. மீறிவிட்டேன்.

மழைக்கு முன்பு சில மாலைகளில் ஃபேன் காரணமே இல்லாமல் ஓடியதை நீ கவனித்திருப்பாய். அது பழுதல்ல, நான்தான். பள்ளியிலிருந்து வந்ததும் ஸ்டூலில் ஏறி, சென்சார்மேல் வாயால் ஊதுவேன். ஈரம் ஏறும், ஃபேன் சுற்றும், நீ பார்ப்பாய் என்று.

நேற்று மழை சற்று விட்டு, ஃபேன் ஓடி ஓய்ந்திருந்தபோது அம்மாவும், "நகருடி, நானும் அவனைக் கூப்பிட்டுப் பாக்கறேன்" என்று ஏறி ஊதினாள். பாதியிலேயே இருமல் வந்துவிட்டது. ஃபேன் அசையவில்லை.

அவள் கூப்பிட்டது உனக்குத் தெரிந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே இன்னும் மழை. நனையாமல் வந்து சேர்.

அன்புத் தங்கை,
நீ வைத்த பெயரில், புத்தகப்புழு