முதுகு காட்டி நின்ற நடுவர்

சேர்,

போதும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், நீங்கள் கேட்டுக்கொண்டதற்காக. நீங்கள் போய்விட்டீர்கள். இனி நான் பேசுவேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் கூடைப்பந்து நடுவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. கண்டியிலிருந்து வந்திருந்த இளைஞர் கரும்பலகையில் மைதானத்தை வரைந்து, கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறியும்போது நடுவர் எங்கே நிற்க வேண்டும் என்று விளக்கினார். எறிபவருக்குப் பக்கத்தில், ஓர் எட்டுத் தள்ளி, மைதானத்தைப் பார்த்தபடி. அந்த இடத்தில் சோக்கால் ஒரு பெருக்கல் குறி போட்டார். எனக்கு அந்தக் குறியின் மேல் நீங்கள் மண்டியிட்டு இரத்தம் துப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது.

அப்போது பிரதம விருந்தினர் எழுந்தார். இன்று நடுவர் சங்கத்தின் போஷகர். அன்று டவுன் அணியின் மனேஜர். அவன் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

“தம்பி சொல்றத நல்லா கேட்டுக்குங்க. முன்னாடி ஹட்டன்ல யாழ்ப்பாணத்து ரெஃப்ரி ஒருத்தர் இருந்தாரு. பந்து எறியிறப்ப கிரவுண்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, என்னமோ தோட்டத்துப் பெரட்டுல காலையில வேலைக்கு ஆள் எண்ற மாதிரி சனத்தப் பாத்து நிப்பாரு. அப்படி நின்னா அடி விழாம மாலையா விழும்? நான் அன்னக்கி ஊர்ல இல்ல. கேள்விப்பட்டதுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குப் பிளாஸ்டிக் கோப்பையில் தேநீர் கொடுத்திருந்தார்கள். கண்ணாடியாக இருந்திருந்தால் அவன் வாயில் உடைத்திருப்பேன்.

நீங்கள் ஏன் அப்படி நின்றீர்கள் என்று கேட்க அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மைதானம் மலையை வெட்டி எடுத்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு பக்கம் பள்ளம், கீழே தேயிலை. மறுபக்கம் மண்மேடு. மேட்டில் உட்காருகிறவர்களின் கால் கோட்டில் படும். அந்தப் பக்கம் பந்தை எறிய வருகிறவன் மேட்டில் இருக்கும் எதிரணி ஆதரவாளர்களுக்கு முதுகைக் கொடுத்து நிற்க வேண்டும். நாம் இருவரும் நடுவர்களாக நின்ற முதல் ஆட்டத்திலேயே ஒருவனின் விலாவில் குடைக்கம்பியால் குத்தினார்கள். அடுத்ததில் இன்னொருவனின் பிடரியில் சுடுதண்ணீர் ஊற்றினார்கள். பந்தை எறிய ஐந்து விநாடி என்று புத்தகம் சொல்கிறது. அந்த ஐந்து விநாடியும் அவன் முதுகை யார் பார்ப்பது என்று சொல்லவில்லை.

சுடுதண்ணீர் பட்டவனை அனுப்பிவிட்டு வந்து நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்: “ஐசே, மேட்டுப் பக்கம் நான் சனத்தைப் பாக்கிறன். நீர் ஆட்டத்தைப் பாரும்.”

அவ்வளவுதான். பள்ளத்துப் பக்கம் புத்தகப்படி நின்றீர்கள். மேட்டுப் பக்கம் மட்டும் திரும்பி நின்றீர்கள். மைதானத்தை முழுவதும் என் கண்ணில் விட்டீர்கள்.

உங்களை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன். நாம் படிப்பித்த பள்ளியின் ஆசிரியர் அறையில் என் பேச்சைத் திருத்துவீர்கள். நான் “வர்றாங்க” என்றால் “வருகினம்” என்பீர்கள், எல்லோர் முன்னாலும். நானும் பட்டதாரி. தோட்டத்து லய அறையில் பிறந்த பட்டதாரி என்பதுதான் வித்தியாசம். அதை இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் மைதானத்தில் உங்கள் முதுகை என்னை நம்பித்தான் விட்டீர்கள். அதற்குப் பிறகு உங்களை வெறுக்க முடியவில்லை.

இறுதி ஆட்டம் லிந்துலைத் தோட்டத்துப் பையன்களுக்கும் டவுன் அணிக்கும். லிந்துலை ஒரு புள்ளி முன்னால். முடிய இன்னும் சில விநாடிகள். மேட்டுப் பக்கம் லிந்துலையின் மோகன் பந்தை எறிய வேண்டும். எறிந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. மேட்டிலிருந்து மண்கட்டிகள் வந்து விழுந்தன. வெற்றிலை எச்சில் உங்கள் சட்டையில் வழிந்தது. “தோட்டக்காட்டானுக்குப் புலிதான் காவலா” என்று ஒருவன் கத்தினான். நீங்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்து நின்றீர்கள்.

சனத்தைத் தடுக்கக் கயிறு கட்டியிருந்த இரும்புக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு மேட்டிலிருந்து மனேஜர் இறங்கினான். மோகனின் பின்மண்டையைக் குறிவைத்து ஓங்கினான். மோகனுக்குத் தெரியாது. புத்தகப்படி நின்றிருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்காது. நீங்கள் மோகனை உள்ளே தள்ளினீர்கள். குழாய் உங்கள் வலது காதுக்கு மேல் இறங்கியது. மரம் பிளக்கிற சத்தம் எதிர்ப்பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. இரண்டாவது அடி வாயில். விசில் உடைந்து ஈறுக்குள் ஏறியது. விழுந்த பிறகும் வயிற்றில் மிதித்தான், சப்பாத்துக் காலால், மூச்சு வாங்க வாங்க. நான் ஓடி வந்து அவன் கழுத்தைப் பிடித்தேன். நான்கு பேர் என் கையை முறுக்கி என்னை மண்ணில் அழுத்தினார்கள். பிடி நழுவியிராவிட்டால் அவனை அன்றே முடித்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் பொலிசுக்குப் போவோம் என்றேன். உங்கள் வாய் வீங்கிக் கிடந்தது. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னீர்கள்: “வேண்டாம் ஐசே. என்ர அடையாள அட்டையில ஊர் கிடக்கு. போனா முதல் என்னைத்தான் பிடிச்சு வைப்பாங்கள். வழுக்கி விழுந்தன் எண்டு சொல்லும்.”

குண்டு வெடித்தால் யாழ்ப்பாணத்து ஆசிரியர்களின் அறைகளை நள்ளிரவில் தட்டிய காலம் அது. நான் அப்படியே சொன்னேன். வழுக்கி விழுந்தவருக்கு எதற்கு விசாரணை? உங்கள் வலது காது செத்துப்போனது. வகுப்பில் அந்தப் பக்கத்துப் பையன்கள் முணுமுணுத்துச் சிரித்தார்கள். நீங்கள் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

சமாதான காலத்தில் ஊருக்கு மாற்றம் வாங்கிப் போனீர்கள். நீங்கள் இறந்த செய்தி வந்தபோது யாழ்ப்பாணப் பாதை போரால் மறுபடி பூட்டியிருந்தது. ஒரு பிடி மண் போடவும் என்னால் வர முடியவில்லை. அந்தக் கோபமும் எனக்குள் கிடக்கிறது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

இப்போதும் ஆட்டம் பார்க்கப் போனால் நான் பந்தைப் பார்ப்பதில்லை. எறிகிறவனுக்குப் பின்னால் நிற்கிற கைகளைத்தான் பார்க்கிறேன். நீங்கள் எனக்கு விட்டுப்போனது அதுதான்.

இந்தக் கடிதத்தைச் சங்கத்துக்கே அனுப்புகிறேன், கூட்டத்தில் வாசிக்கச் சொல்லி. கையெழுத்துப் போடப்போவதில்லை. பயத்தால் அல்ல. எழுதியது யார் என்று அந்த மேசையில் ஒருவனுக்கு மட்டும் தெரியும். தன் கழுத்தைப் பிடித்த கையை அவன் மறந்திருக்க மாட்டான். என் பெயரை அவனே சொல்லட்டும். சொல்ல வேண்டுமென்றால், அன்று ஊரில் இருந்ததை ஒப்புக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.