வணங்காக்கழுத்து

1934 ஜூன் 11

கழுத்து இன்றைக்கும் திரும்பவில்லை. இடப்பக்கம் யாராவது கூப்பிட்டால் மொத்த உடம்பையும் திருப்ப வேண்டியிருக்கிறது. நான் நடத்துகிற டிரில் வகுப்பில் பிள்ளைகள் எனக்குப் பின்னால் நின்று அதே மாதிரி திரும்பிக் காட்டிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பங்குனியில் கர்லாக்கட்டை வீசும்போது பிடித்தது, சவம், இளகவே மாட்டேன் என்கிறது.

அம்மைக்கு ஒரே பேச்சு. "அந்தக் கர்லாக்கட்டையைத் தூக்கி அடுப்புல போடு. பொம்பளப்பிள்ளைக்கு என்னத்துக்குட்டி அது?"

என்னத்துக்கா? அதைச் சுழற்றுகிற நேரம்தான் எனக்குச் சந்தோஷம். வேறே காரணம் வேணுமா?

ஜூன் 14

தவிட்டு ஒத்தடம். சுகம். காலையில் பழையபடி.

ஜூன் 20

கட்டையைத் தொடாமல் இருந்து பார்த்தேன். கழுத்து இன்னும் இறுகிப்போனது. அப்போ கட்டைமேல் குற்றமில்லை, கனத்தில்தான். பள்ளிக்கூடத்தில் ஆண்பிள்ளைகளுக்கென்று செய்த கட்டை. தலைக்கு மேலே வீசும்போது என் தோள் காதுவரை ஏறிவிடுகிறது. இனிமேல் இடுப்பளவில், பைய வீச்சு மட்டும்.

ஜூன் 30

பெண் காண வந்தார்கள். கூடப் படிப்பிக்கிற பூங்கனியின் பெரியப்பா மகன் ஜெபதாஸ், கருங்கல் ஊரில் தடிக்கடை வைத்து மரவியாபாரம் செய்கிறார். அவரும் அவர் அம்மையும். காப்பிக்கு முன்னால் ஜெபம். எல்லாரும் தலை குனிந்தார்கள். என் கழுத்து — ஊஹூம். கண்ணை மட்டும் மூடிக்கொண்டு கம்பு மாதிரி இருந்தேன்.

போகும்போது அவர் அம்மை வாசலில் வைத்தே சொன்னாங்க: "ஜெபத்துக்குக்கூட தலை குனியல்லியே. வணங்காக்கழுத்து!"

கடவுளுக்கே அடங்காத ஜனத்தை வேதத்தில் சொல்லுகிற வார்த்தை. அம்மை அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அழுதேன். எனக்கு அவரைப் பிடிச்சுப்போச்சே, அதுக்குத்தான். கீழே இருந்த டம்ளரைக் குனிஞ்சு எடுக்க முடியாம நான் தவிச்சப்போ, அவரே எடுத்துத் தந்தாரு. வேற யாரும் கவனிக்கல்ல.

ஜூலை 2

பூங்கனியைப் பிடிபிடியென்று பிடித்தேன். "எனக்குக் கழுத்துப் பிடிப்புண்ணு நீ முன்னாலயே பறஞ்சிருக்கலாம் இல்லியா?"

அவளுக்குச் சிரிப்பு. "ஏட்டி, நீ குனியல்லண்ணு பெரியம்மைக்கு எப்பிடித் தெரிஞ்சு? ஜெபத்துல கண்ணைத் தொறந்துல்லா பாத்திருக்கா!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் பிடரி வலிக்கிறது.

கழுத்து விஷயத்தைச் சொல்லு, கூடவே இதையும் சொல்லு என்றேன் — கல்யாணம் ஆனாலும் கட்டையை விட மாட்டேன். பின்னால் தெரிந்து மனக்கஷ்டம் வருவதைவிட இப்போதே தெரியட்டும். சொன்னேனே தவிர, வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பயம். வாய்க்கொழுப்பால் நானே கெடுத்துக்கொண்டேனா?

ஜூலை 9

ஒரு பதிலும் இல்லை.

ஜூலை 16

இல்லை. கழுத்து கொஞ்சம் இளகியிருக்கிறது. இளகி என்ன செய்ய?

ஜூலை 23

பூங்கனி ஒரு சாக்குப்பொதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். உள்ளே புதுசாய் இரண்டு கர்லாக்கட்டை. மஞ்சள் பலாமரம், கைப்பிடி மெலிசு. பள்ளிக்கூடத்துக் கட்டையில் பாதிக் கனம்கூட இல்லை.

"மரம் காஞ்சு கிட்டணும்லா, அதான் தாமசம். கோவிக்காண்டாமாம்," என்றாள்.

"வேற என்ன பறஞ்சாரு?"

"அவனும் ஜெபத்துல கண்ணைத் தொறந்துதான் இருந்தானாம். நீ குனிஞ்சிருந்தா முகத்தைக் கண்டிருக்க முடியாதாம்."

மணி அடித்தது. நான் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மனசு நிறைஞ்சுபோச்சு.

செப்டம்பர் 3

பலாக்கட்டையைத் தலைக்கு மேலே வீசினேன். தோள் ஏறவில்லை. அம்மை பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்புப் பேச்சு இல்லை.

அக்டோபர் 7

இன்று ஆலயத்தில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை முதல் தடவையாக வாசித்தார்கள். அவரும் அவர் அம்மையும் கருங்கல்லிலிருந்து வந்திருந்தாங்க; மாமி பெண்கள் பக்கம் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாங்க. பேரைச் சொன்னதும் எல்லாரும் என்னைப் பார்க்க, வெட்கத்தில் தலை தானாகக் குனிந்தது. தாடை நெஞ்சில் தொட்டது. வலியே இல்லை!

மாமி முழங்கையால் இடித்தாங்க. "நிமிந்து இரு மக்கா. ரொம்பக் குனிஞ்சா கழுத்து பிடிச்சுக்கிடும்."

நிமிர்ந்தேன். ஆண்கள் பக்கம் எனக்கு இடதுகைப் பக்கம். பைய, அங்கேயும் திரும்பினேன்.