பன்றிகள் போன பிறகும் கூப்பிடுகிறேன்

லாரல் ஓடை, வட கரோலினா
செப்டம்பர் 1863

அன்புத் தம்பி ஹைரமுக்கு,

உன் அக்காள் டாலிதா எழுதுவது. இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் திடமாகத்தான் இருக்கிறாய் என்பது உன் கடிதத்தில் கொதித்த கோபத்திலேயே தெரிந்தது. இதைத் தபாலில் போட எனக்குத் துணிவில்லை. காய்ச்சல் விடுப்பு முடிந்து உங்கள் ரெஜிமெண்டுக்குத் திரும்பும் வெஸ்லி தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவருகிறான். படித்ததும் நெருப்பில் போட்டுவிடு.

உன் அத்தான் ஆஷர் தென்மாநிலங்களின் படையைவிட்டு ஓடிவந்து கொடிக்கே அவமானம் தேடித் தந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கொடியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. கோர்ட்டு வாசலில் மேளம் கொட்டி நீங்கள் புறப்பட்ட அன்று உயர்த்திப் பிடித்த பட்டுக் கொடியில், நடுவில் உள்ள வெள்ளைப் பட்டை என் கல்யாண உடுப்பிலிருந்து நானே வெட்டிக் கொடுத்தது. கெட்டிஸ்பர்க் சண்டையில் கொடி பிடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக விழுந்தபோது, அதைத் தரையிலிருந்து எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தவர் யார்? ஜூலையில் நீதான் பக்கம் பக்கமாகப் பெருமை அடித்தாய். அதற்குள் எப்படியடா அது அவமானம் ஆயிற்று?

அவர் ஓராண்டுக்குத்தான் கையெழுத்துப் போட்டார். ஆண்டு முடியும்போது சட்டத்தை மாற்றி எல்லாரையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதற்கும் வாய் திறக்கவில்லை. காலுக்குச் செருப்பில்லாமல் மேரிலாந்துவரை உங்களோடு நடந்தார். மக்காச்சோளம் முற்றி நிற்கிறது, சின்னவள் ரூத்திக்குத் தொண்டை அடைப்பான், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கர்னலிடம் கேட்டார். முடியாது என்றுவிட்டார்கள். ஆற்றங்கரை பெர்க்கின்ஸ் மகனோ சீருடையே போட்டதில்லை. இருபது அடிமைகள் இருக்கும் பண்ணையில் அவர்களை மேய்க்க ஒருவன் வீட்டிலேயே இருக்கலாம் என்று சட்டம் இருக்கிறதாம். நமக்கு எந்தச் சட்டமும் இல்லை. ஆகவே அவர் நடந்தே வந்தார். வந்தபோது குழந்தைக்கு மூச்சு இருந்தது. இப்போது எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டுகிறாள். அப்பா மடியில் படுத்துத்தான் அவள் பிழைத்தாள் என்று நான் சொல்வேன், நீ சிரித்தாலும் சரி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெர்க்கின்ஸ் வீட்டில் அடிமையாக இருக்கும் செலியா, ஓடையில் துணி துவைக்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "உங்க வீட்டுக்காரரு எதுக்கும்மா சண்டைக்குப் போனாரு? என்னைய இங்கயே கட்டி வைக்கவா?" என்றாள். உனக்குப் பதில் தெரிந்தால் எழுது. உங்கள் கர்னலுக்குத் தெரிந்தாலும் கேட்டு எழுது.

இப்போது, ஓடிவந்தவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காவல் படையின் கதையைக் கேள். டவுனிலிருந்து கேப்டன் குட்லோ தன் ஆட்களோடு வந்தார். குதிரைச் சத்தம் கேட்டதுமே நான் முற்றத்தில் போய் நின்று, "சூ...ஈ! சூ...ஈ!" என்று பன்றிகளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். நம் மலையில் பன்றிகள் காட்டில் செஸ்ட்நட் கொட்டைகளைப் பொறுக்கித் தின்று திரியும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூப்பாடு, அந்தந்த வீட்டுப் பன்றி அந்தந்தக் குரலுக்குத்தான் வரும் என்பதெல்லாம் டவுன்காரனுக்கு எங்கே தெரியும்? கேட்கவேண்டியவருக்குக் கேட்டது. அதற்குமேல் உனக்குச் சொல்லமாட்டேன்.

ஆனால் குட்லோ முழு மடையர் இல்லை. கொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்கிட்டதான் ஒரு பன்னிகூட இல்லையே, யாரக் கூப்புடுற?" என்றார். "ஆமாங்கய்யா, வரின்னு சொல்லி போன பனியில உங்க வண்டிதான் அள்ளிட்டுப் போச்சு. வழி தெரிஞ்சு திரும்பி வந்துடுமோன்னு கூப்புட்டுப் பாக்குறேன்" என்றேன். அவருடைய ஆட்களே சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அடுக்கி வைத்த வேலியின் கனத்த கட்டையைத் தூக்கச் சொன்னார். என் இடது கை விரல்களை அடியில் வைத்து, அதை மேலே இறக்கினார்கள். "எங்கடி அவன்?" என்று கேட்டார். நான் இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். அவ்வளவு பெரிய குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. மலை முழுக்கக் கேட்டிருக்கும். ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டார்கள். இரண்டு விரல்கள் இனி மடங்காது. எழுதுவது வலது கைதான், பயப்படாதே.

இனி உன் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். ஓடிப்போனவர்களைப் பிடிக்க ரெஜிமெண்டே ஆள் அனுப்புகிறது, பாதை தெரிந்தவன் என்று உன்னைத் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள், அத்தான் தானாக வந்தால் மன்னிப்பு உண்டு என்று எழுதியிருக்கிறாய். போன மாதம் மன்னிப்பை நம்பித் திரும்பிய பையனை அவன் சவப்பெட்டிமேலேயே உட்காரவைத்துச் சுட்டார்களே, நீயும் அணியில் நின்று பார்த்தாயே! வெஸ்லி எல்லாம் சொன்னான். நீ அன்று முழுவதும் சாப்பிடவில்லை என்பதையும் சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

அவரை நான் தரமாட்டேன். உனக்கும் தரமாட்டேன். உங்கள் கர்னலே மண்டியிட்டுக் கேட்டாலும் தரமாட்டேன்.

உன்னிடம் ஒளிக்கவும் மாட்டேன். நீ ஓடையைத் தாண்டி மேலே ஏறும்போது நான் முற்றத்தில் நின்று கூப்பிடுவேன். உன் ஆட்களுக்கு அது பன்றிக்கான கூப்பாடு. உனக்கு அது என்னவென்று தெரியும். ஏழு வயதில் பன்றிகளின் பின்னால் போய்ப் பனிமூட்டத்தில் நீ காணாமல் போனபோது, தொண்டை கிழிய நான் கூப்பிட்டது இதே கூப்பாடுதான். பன்றிகளோடு பன்றியாக அழுதுகொண்டே வந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாய். அன்றைக்கு அந்தக் குரல் இல்லாவிட்டால் இன்றைக்குச் சார்ஜண்ட் ஹைரம் ஏது?

ஆகவே அந்தச் சத்தம் கேட்டதும் நீ முடிவு செய். "எங்க அக்கா பன்னியக் கூப்புடுறா, வாங்க அந்தப் பக்கம் போவோம்" என்று ஆட்களைத் திருப்பிக்கொண்டு போகலாம். அல்லது உள்ளதைச் சொல்லலாம். சொன்னால், அந்த வேலிக் கட்டை இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கிறது. என் வலது கையும் இருக்கிறது. தூக்கிப் பிடிக்கும் ஆளாக நீயே இரு, பிறத்தியார் வேண்டாம்.

கடவுள் உன்னைக் குண்டிலிருந்தும், அந்தக் கட்டளையிலிருந்தும் காக்கட்டும். சோளரொட்டியும் பாகும் உனக்கென்று எடுத்து வைத்திருப்பேன். துப்பாக்கியை ஓடையோரம் வைத்துவிட்டுத் தனியாக வா. அந்தக் கூப்பாடு உனக்கும்தான், தம்பி.

என்றும் உன்னைக் கூப்பிடும் அக்காள்,
டாலிதா