அமைதி காக்கும் பாட்காஸ்ட்

ஜூலை 3, 2025

நூலகத்தின் பாட்காஸ்டுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது: 'நூல், நலம், நாம்'. நூலகர் தீனதயாளன் சார் வைத்த பெயர். மூன்று பகுதிகள். புத்தகம் பற்றிப் பிரமுகர் பேசுவார். நலவாழ்வு பற்றி நலமாக இருப்பவர் பேசுவார். 'மண்ணின் குரல்' பகுதியில் நலமாக இல்லாதவர் பேசுவார். கடைசி விளக்கம் என்னுடையது. அவரிடம் சொல்லவில்லை.

நான் ஒப்பந்த ஊழியர். டிசம்பர் வரை. முதுகலை ஆங்கிலத்துக்குக் கிடைத்த ஒரே மைக் இது.

அத்தா எங்கள் செருப்புக் கடையில் வந்தவருக்கு அளவு பார்த்துக்கொண்டே கேட்டார்: "லைப்ரரில பேசுனா வெளிய அனுப்புவாங்க. உனுக்கு மட்டும் சம்பளம் குடுக்குறாங்களாமா?"

ஜூலை 8

முதல் பதிவு. தனி அறை கிடையாது. வாசிப்பு அறையின் மூலையில், இரண்டு பீரோக்களுக்கு நடுவே. தலைக்கு மேல் 'அமைதி காக்கவும்' பலகை. சுற்றிலும் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிப்பவர்கள்.

விருந்தினர் தங்கமணி, வாசகர் வட்டத் தலைவர். அவர் தொண்டையைச் செருமியதுமே தீனதயாளன் சாரின் விரல் உதட்டுக்குப் போனது. வேலைக்கு வந்த நாளிலிருந்து உள்ள பழக்கம். அவர் நினைத்தாலும் நிறுத்த முடியாது.

"மெதுவாங்க. பசங்க படிக்குறாங்க."

"பேசத்தான கூப்டீங்க?"

"பேசுங்க. சத்தம் வராம பேசுங்க."

வாசிப்பின் மேன்மையைத் தங்கமணி அரை மணி நேரம் ரகசியமாகச் சொன்னார். எந்தப் புத்தகம் என்று கேட்டேன். "பொதுவா" என்றார்.

ஜூலை 10

வெளியிட்டோம். ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் பாதி நான்.

ஜூலை 15

நலவாழ்வு. கண்ணாயிரம், வெள்ளிமலைப் பக்கம் மூச்சுப் பயிற்சி முகாம் நடத்துகிறார். கல்வராயன் மலைக்காரர்களுக்கு அல்ல, சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு. மலைக்காரர்கள் அங்கே சாமைச் சோறு வடிக்கிறார்கள்.

"மூச்ச உள்ள இழுங்க... வெளிய விடுங்க..." கிசுகிசுப்பாக. போட்டுக் கேட்டால் இருட்டில் யாரோ பின்னால் வருவது போல இருக்கிறது.

பிரசவத்துக்கு இடுப்பு வலியோடு ஜீப்பில் மலையிறங்கும் பெண்கள் எந்த வளைவில் மூச்சை விட வேண்டும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஏன்? டிசம்பர்.

ஜூலை 18

மேலதிகாரி பேசினாராம். 'மண்ணின் குரல்' கருணாபுரத்திலிருந்து வர வேண்டும். போன வருடம் விஷச் சாராயத்தில் கணவனை இழந்த ஒரு பெண். "கண்ணீர் இயல்பா வரணும்னு சொன்னாரும்மா" என்றார் சார், வானிலை சொல்வது போல. "நம்ம உறுப்பினர்லயே ஒருத்தங்க இருக்காங்க. ஆண்டாள்."

ஆண்டாள் அக்காவைத் தெரியும். உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை ஓட்டலில் காய் நறுக்குகிறார். போக வர பஸ்ஸில் துப்பறியும் நாவல். வேறு எதையும் தொட மாட்டார்.

ஜூலை 19

கேட்டேன்.

"டிவிக்காரன் வந்தான், பேப்பர்காரன் வந்தான், அல்லாருக்கும் அழுதாச்சு. இனிமே அத்தப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன் பாப்பா. புக்கப் பத்தின்னா வரேன்."

"புக்கப் பத்தியா?"

"ஏன், நான் படிக்கலியா? உங்க லைப்ரரில பாதி நாவலுக்குக் கடைசித் தாளே இல்ல. எவன் கொன்னான்னு தெரியாமலே உளுந்தூர்பேட்டைல எறங்கிக்கினு இருக்கேன். அத்தத்தான் மைக்ல கேக்கணும்."

வாக்குக் கொடுத்தேன். புத்தகப் பகுதி. கணவனைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது.

கொடுத்த பிறகு ஒரு நொடி ஏமாற்றம். எனக்கும் அந்தக் கண்ணீர் தேவைப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் அதற்கு வேறு, மரியாதையான பெயர்கள் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஜூலை 21

"புத்தகப் பகுதிக்கு ஒரு தகுதி வேணாமா?" என்றார் சார்.

"தங்கமணி சார் என்ன படிச்சாருங்க?"

"அவர் தலைவர்மா."

பிறகு இறங்கி வந்தார். "சரி, கூப்டு. புக்கப் பத்தியே பேசட்டும்." இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறவர் இல்லையே.

ஜூலை 24

ஆண்டாள் அக்கா ஓட்டலுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். பலகையைப் பார்த்தார். சாரின் விரலைப் பார்த்தார். அவரும் கிசுகிசுத்தார். கடைசித் தாள் இல்லாத ஒரு நாவல்: ஏற்காட்டு பங்களா, செத்துக் கிடக்கும் எஸ்டேட் முதலாளி, பூட்டிய கதவு. "எனுக்கு டிரைவர் மேலதான் சந்தேகம். கார் சாவிய எதுக்குத் தொடச்சி வெக்கணும்?" அருமையாகப் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சார் மைக்கை நோக்கிக் குனிந்தார். அதே ரகசியக் குரல்.

"உங்க வூட்டுக்காரரு அன்னிக்கு எப்பம்மா வூட்டுக்கு வந்தாரு?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அது வேணாம் சார்" என்றேன். நானும் கிசுகிசுப்பாகத்தான். வாக்கைக் காப்பாற்றும்போதுகூட அமைதி காத்தேன்.

அக்கா எழுந்தார். "வாயத் தொறந்து கேளு சார்! எழவு வூட்டு சமாச்சாரத்தக் காதுல வந்து ஓதுற! அது ஊருக்கே தெரியும். எனுக்குத் தெரியாதது ஒண்ணுதான். இந்த லைப்ரரில கடைசித் தாளக் கிழிக்குறவன் எவன்டா?"

வாசிப்பு அறை முழுக்கத் தலை நிமிர்ந்தது. பிறகு முழுக்கக் குனிந்தது. ஒருவன் மட்டும் எழுந்தான். இளவரசன், குரூப் ஃபோரோடு பல வருட உறவு உள்ளவன்.

"அக்கா... பின்பக்கம் வெள்ளையா இருக்கும்க்கா. கணக்குப் போட்டுப் பாக்க..."

"உன் கணக்குக்கு என் கொலகாரந்தான் கெடச்சானா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சாரின் விரல் உதட்டிலேயே இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஜூலை 25

சார் எடிட்டிங் சொல்லித் தந்தார். அவருடைய கேள்வி. அதன் பிறகு அக்காவின் மௌனம், ஒரு பெருமூச்சு. அதன் மேல் வயலின். மற்றதெல்லாம் வெட்டு. தலைப்பு: 'கண்ணீரின் குரல்'.

"அவங்க அழவே இல்லியே சார்."

"கேக்குறவங்களுக்கு அழுத மாதிரிதான் இருக்கும்." கொஞ்சம் கழித்து: "ஒப்பந்தத்த நீட்டிக்கச் சொல்லி எழுதுறது நான்தான். தெரியும்ல?"

தெரியும் சார். தெரியாம இன்னா. வூட்ல சொன்னா கடைக்கு வந்து உக்காருன்னுவாங்க. செருப்பு எடுத்துக் குடுத்துக்கினு— இன்னா பண்றது நான்?

ஜூலை 27

அக்காவுக்கு போன் செய்தேன். நேராகவே கேட்டேன்: எதை வைக்கட்டும், எதை எடுக்கட்டும்? இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லையாம்.

"அந்த ஆளு கேட்டத எடுத்துடு. எழவுன்னு நான் சொன்னதயும் எடுத்துடு. கடைசித் தாளு மட்டும் இருக்கட்டும். நல்லா கத்துனனா?"

"நல்லா கத்துனீங்கக்கா."

ஜூலை 28

அக்கா சொன்னபடியே வெட்டி ஏற்றிவிட்டேன். வயலின் இல்லை.

ஜூலை 30

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. 'அனுமதியின்றி மகிழ்ச்சியான பதிவு வெளியிட்டது' என்று எழுதவில்லை. கிட்டத்தட்ட அதுதான். மைக்கைச் சார் பீரோவில் வைத்துப் பூட்டினார். இனி நான் புத்தக முதுகில் எண் ஒட்ட வேண்டும். ஒப்பந்தம் நீளாது என்பதைச் சார் சொல்லவில்லை. பசை டப்பாவை நகர்த்தி வைத்த விதத்தில் தெரிந்தது.

ஆகஸ்ட் 6

அக்கா அந்தப் பதிவை ஓட்டல் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். திரும்பத் திரும்ப. சாப்பிட நிறுத்தும் லாரிக்காரர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். நூலகத்துத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. எல்லோருக்கும் ஏதோ ஒரு நாவலின் முடிவு தெரியும்.

சார்தான் எடுக்கிறார். கையால் வாயை மூடிக்கொண்டு: "சொல்லுங்க... தங்கச்சியா? சொந்தத் தங்கச்சியா?... ஐயையோ."

ஆகஸ்ட் 9

சார் அந்த முடிவுகளை வெள்ளைத் தாளில் எழுதி நாவல்களின் கடைசியில் ஒட்டுகிறார். முத்து முத்தான கையெழுத்து. தாள் வெட்டித் தருவது இளவரசன். அவனுக்குத் தண்டனையாம். என்னிடம் சார் இன்னும் பேசவில்லை. பசை வேண்டுமென்றால் மட்டும் கையை நீட்டுகிறார்.

ஆகஸ்ட் 19

சாயங்காலம் ஆண்டாள் அக்கா வந்தார். ஏற்காட்டு நாவலை எடுத்தார். நேராகக் கடைசிப் பக்கம். நின்றபடியே படித்தார்.

"எவன் சொன்னது இது?"

சார் குனிந்தபடி சொன்னார்: "சேலத்து லாரி டிரைவர் ஒருத்தரும்மா. போன்ல."

"அதான பாத்தேன்! டிரைவரத் தப்பிக்க வுட்டுட்டு சமையல்காரி மேல போட்டுட்டான்." புத்தகத்தை மேசையில் வைத்தார். "கார் சாவி அப்ப எதுக்கு? நான் மைக்ல பதில் சொல்லணும் சார். பீரோவத் தொற."

இளவரசன் கத்தரிக்கோலை நிறுத்தினான். மற்றவர்களும் பார்த்தார்கள். நான் எண் ஒட்டிக்கொண்டிருந்தேன், ஒரே புத்தகத்தில் இரண்டாவது முறையாக.

சாரின் விரல் உதட்டுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு சட்டைப்பையில் சாவியைத் தேடியது.